நோட்டைத் திருத்தித் தர ஆள் உண்டா?

வால்பாறையில் இருந்து பொள்ளாச்சிக்கு 64 கிலோமீட்டர். நடுவில் 40 கொண்டை ஊசி வளைவுகள். எஸ்டேட் லயன் வீட்டில் இருந்து பிளஸ் டூ முடித்த ஒரு பெண், பொள்ளாச்சிக்குப் போய் கணக்குப்பதிவியலோ கம்ப்யூட்டரோ கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், பஸ்ஸில் போய் வருவதிலேயே பாதி நாள் கழிந்துவிடும். இப்படிப்பட்ட ஊர்களில் இருந்து என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஆன்லைன்ல எதுல சேரலாம் சார்?” தாளவாடியில் இருந்து கேட்கிறார்கள், ஜவ்வாதுமலையில் இருந்து கேட்கிறார்கள். வளைகுடாவில் வேலை பார்த்தபடியே விட்டுப்போன பட்டப்படிப்பை முடிக்க நினைக்கிறவர்களும் கேட்கிறார்கள்.

நான் திருப்பிக் கேட்பது இதைத்தான். அந்த வகுப்பில் நீங்கள் எழுதுவதை யார் படிப்பார்கள்? தப்பாகப் போட்ட கணக்கைப் பார்த்து, எந்த வரியில் தப்பு என்று யார் சொல்வார்கள்? எத்தனை நாளில் சொல்வார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத வகுப்பு எவ்வளவு பெரிய பெயரோடு வந்தாலும் அதை ஒரு நல்ல நூலகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வகுப்பு என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பாடம் வந்து சேர்வதில் இருந்த தூரம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் பாடங்கள் யூடியூபிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் வந்தது. இணைய வசதி இல்லாத வீட்டுக்கும் ஸ்வயம் பிரபா சேனல்கள் டிடிஎச் வழியாகப் போகின்றன. சென்னை ஐஐடி பேராசிரியர் பலகையில் எழுதும் அதே சமன்பாட்டை வால்பாறையில் இருந்தும் பார்க்கலாம். வளாகத்து மாணவனுக்குக் கூடுதலாக இருப்பது வேறு. வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் பேராசிரியரை நிறுத்தி ஒரு சந்தேகம் கேட்கலாம். விடுதியில் பக்கத்துக் கட்டில்காரனிடம் நோட்டை நீட்டி “இங்க எனக்கு ஏன் வரலை?” என்று கேட்கலாம். மலை மேல் இருக்கும் பெண் யாரிடம் கேட்பாள்? மிச்சம் இருக்கும் தூரம் இதுதான். ஆன்லைன் கல்வியில் சேருகிறவர்களும் அதை நடத்துகிறவர்களும் தங்கள் நேரத்தையும் பணத்தையும் இந்தத் தூரத்தைக் குறைப்பதற்குத்தான் செலவிட வேண்டும்.

தொலைவில் இருந்து கற்பிப்பது புதிய காரியம் இல்லை. 1840-ல் இங்கிலாந்தில் எவ்வளவு தூரமானாலும் ஒரே கட்டணம், ஒரு பென்னி, என்று அஞ்சல் சேவை வந்தபோது, ஐசக் பிட்மன் தன் சுருக்கெழுத்து முறையை அட்டைகளில் எழுதி மாணவர்களுக்கு அனுப்பினார். அவர்கள் பயிற்சி எழுதி அனுப்பினார்கள். அவர் திருத்தித் திருப்பி அனுப்பினார். அந்தத் திரும்பும் அட்டைதான் அதை வகுப்பாக ஆக்கியது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது பிபிசியின் வானொலியையும் தொலைக்காட்சியையும் பயன்படுத்தியது. வெளியில் எல்லோருடைய கண்ணிலும் பட்டது அந்த ஒளிபரப்புதான். மாணவர்களைத் தாங்கிப் பிடித்தது, அவர்கள் எழுதி அனுப்பிய ஒப்படைப்புகளை வாசித்து, ஓரத்தில் குறிப்பெழுதி அனுப்பிய பயிற்றுநர்கள்.

நம் ஊரில் ‘கரஸ்ல படிச்சேன்’ என்று சொல்லும் ஒரு தலைமுறையே இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டும் பிள்ளை வளர்த்துக்கொண்டும் பட்டம் வாங்கியவர்கள் அவர்கள். அஞ்சல்வழிக் கல்வி இல்லாவிட்டால் கல்லூரி வாசலையே பார்த்திருக்க முடியாத பலர் அதனால் ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் ஆனார்கள். அவர்களிடம் பேசிப் பாருங்கள். புத்தகக் கட்டு தபாலில் வந்ததையும், விடுமுறை நாளில் நடந்த தொடர்பு வகுப்பையும், கடையில் நோட்ஸ் வாங்கித் தேர்வு எழுதியதையும் சொல்வார்கள். எழுதி அனுப்பியதை ஒருவர் திருத்தி, இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பியதாகச் சொல்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று தபாலில் விட்டுப்போன அந்த வேலைதான் இன்று யூடியூபிலும் விட்டுப்போகிறது.

கல்வியாளர் மைக்கேல் மூர் 1970-களில் இருந்தே இதைத்தான் சொல்லிவந்தார். கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது, இருவருக்கும் இடையில் எவ்வளவு உரையாடல் நடக்கிறது என்பதைக் கொண்டுதான் அளக்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். அப்படி அளந்தால் 200 பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கின் கடைசி பெஞ்சு வெகு தொலைவு. வாரம் ஒருமுறை நோட்டைத் திருத்தி அனுப்பும் ஆசிரியர் எந்த நாட்டில் இருந்தாலும் பக்கத்தில் இருக்கிறார்.

2020 நமக்குக் காட்டியது

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பெரிய பாடமே நடந்து முடிந்திருக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குள் கால் வைத்தது 2021 நவம்பர் 1-ல்தான். இடைப்பட்ட காலத்தில் பாடம் நின்றுவிடவில்லை. 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வகுப்பு வாரியாக, பாட வாரியாக ஒளிபரப்பியது. ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டிலும் டிவி இருந்தது என்பதால் அது நல்ல முடிவுதான். போன் இருந்த வீடுகளில் வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் வந்தது. ஆசிரியர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் ரீசார்ஜ் செய்து பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினார்கள்.

ஆனாலும் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளை எழுத்துக் கூட்டத் தடுமாறியது. காரணம் டிவியின் தரம் இல்லை. ஏழு வயதுப் பிள்ளை ‘பட்டம்’ என்பதைப் ‘படம்’ என்று வாசித்தால், டிவியில் வரும் டீச்சரின் காதில் அது விழாது. பிள்ளைக்கும் தான் தப்பாக வாசித்தது தெரியாது. அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும்.

அரசும் இதைப் புரிந்துகொண்டது. 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது அது அனுப்பியது ஆட்களை. அந்தந்தத் தெருவில் இருந்தே தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், சுமார் 20 பிள்ளைகளை உட்காரவைத்து, மாலையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் பாடம் சொன்னார்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. எல்லாத் தன்னார்வலர்களும் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. ஆனால் பிள்ளை ‘படம்’ என்று வாசித்ததும் “திரும்ப வாசிடா கண்ணு” என்று சொல்ல அங்கே ஒரு அக்கா இருந்தார். திரையில் வரும் பாடத்தையும் பக்கத்தில் இருக்கும் அக்காவையும் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். இதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுவதில்தான் நாம் தொடர்ந்து தவறுகிறோம்.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய இலவசப் படிப்புகளின் 2012 முதல் 2018 வரையான பதிவுகளை ஆராய்ந்து 2019-ல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. பதிவு செய்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடத்தைத் திறக்கவே இல்லை. 2017-18-ல் முழுதாக முடித்தவர்கள் 3.13 சதவீதம். அதே ஆண்டில், சான்றிதழுக்குப் பணம் கட்டித் தங்களை உறுதிப்படுத்திக்கொண்டவர்களில் 46 சதவீதம் பேர் முடித்தார்கள். உலகின் மிகச் சிறந்த பேராசிரியர்கள் நடத்திய பாடங்கள் இவை. அதனால் ஒரு படிப்பில் சேர்ந்து பாதியில் விட்டிருந்தால், உங்களுக்குப் படிப்பு வராது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நீங்கள் இருக்கிறீர்களா, போய்விட்டீர்களா என்று கேட்க அங்கே யாருமே இல்லாமல் இருந்திருக்கலாம்.

சேர்வதற்கு முன்

கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை என்பிடெல் சான்றிதழ்ப் படிப்புகள்தான். ஜனவரியிலும் ஜூலையிலும் இரண்டு பருவங்களாகத் தொடங்குகின்றன. 4, 8, 12 வாரப் படிப்புகள் உண்டு. சேர்வதும் படிப்பதும் இலவசம். தேர்வு எழுத மட்டும் பாடத்துக்கு 1000 ரூபாய் அளவில் கட்டணம். ஒவ்வொரு வாரமும் ஒப்படைப்பு உண்டு. அதற்குக் கடைசி நாளும் உண்டு. இறுதி மதிப்பெண்ணில் 25 ஒப்படைப்புகளுக்கு, 75 தேர்வுக்கு. தேர்வை நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பலர் தொந்தரவாக நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் அந்தச் சான்றிதழின் பலம். நேரில் எழுதிய தேர்வை வேலை கொடுப்பவர் நம்புவார்.

இன்னொரு விஷயம் பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை. ஏராளமான கல்லூரிகள் என்பிடெல்லின் உள்ளூர்க் கிளையாகப் பதிவு செய்திருக்கின்றன. அங்கே ஒரு பேராசிரியர் அதற்குப் பொறுப்பாளராக இருப்பார். உங்கள் கல்லூரியில் அவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “சார், நாங்க நாலு பேர் இந்தப் பாடம் எடுத்திருக்கோம், வாரத்துல அரை மணி நேரம் எங்களோட உக்கார முடியுமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். என்பிடெல் உட்பட ஸ்வயம் வழியாகப் படித்த பாடங்களின் கிரெடிட்களைப் பட்டப்படிப்பில் 40 சதவீதம் வரை சேர்த்துக்கொள்ள யுஜிசி 2021-ல் வழி செய்திருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் எவ்வளவு ஏற்கிறது என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம். ஆங்கிலம் தடையாக இருந்தால், சில என்பிடெல் பாடங்களுக்குத் தமிழிலும் எழுத்துவடிவம் வந்திருக்கிறது. தேடிப் பாருங்கள்.

முழுப் பட்டத்துக்குச் சேர்கிறவர்கள் விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்பதை யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள். போன ஆண்டு இருந்த அனுமதி இந்த ஆண்டு இல்லாமல் போகலாம். பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம் போன்றவற்றுக்கு ஆன்லைன் பட்டம் தர யுஜிசி விதிகள் இடம் தருவதில்லை. ‘வீட்டிலிருந்தே நர்சிங்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு இந்த விஷயத்தில் ஒரு நல்ல முன்மாதிரி. ஜேஇஇ நுழைவுத்தேர்வு வேண்டாம். நான்கு வாரம் பாடம் நடத்தி, அதன்பிறகு தகுதித் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். பதிவு செய்த பாடங்களோடு நேரலை வகுப்புகளும் சந்தேகம் கேட்கும் தளமும் உண்டு. தேர்வுகள் நேரில். பாதியில் நிறுத்தினாலும் அதுவரை முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்று கணக்குப் போட்ட பிறகே சேருங்கள். எளிதான படிப்பு இல்லை.

தனியார் நிறுவனங்களைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ‘இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் சலுகை’ என்று போனில் அவசரப்படுத்துகிறவர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள். மாதத் தவணை என்று சொல்லப்படுவது பல நேரம் உங்கள் பெயரில் வேறொரு நிதி நிறுவனத்தில் எடுக்கப்படும் கடன். படிப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது. அந்தத் தாளை முழுதாக வாசித்த பிறகு, “என் ஒப்படைப்பை எந்த ஆசிரியர் திருத்துவார்? அவரிடம் இப்போது ஐந்து நிமிடம் பேசலாமா?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு விற்பனையாளர் என்ன சொல்கிறார் என்பதைக் கேட்டாலே போதும், உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

வெளிநாட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர நினைக்கும் பெற்றோருக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. 2001-ல் இருந்து இயங்கிவருகிறது. பாடங்கள் தரமானவை. ஆனால் ழகரத்தையும் ளகரத்தையும் காதால் கேட்டுத் திருத்த ஒருவர் வேண்டும். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் வாரம் ஒரு கதையை வீடியோ காலில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சந்தேகம் கேட்கும் முறை

படிக்கிறவர்கள் தங்கள் பக்கத்தில் மாற்றிக்கொள்ள வேண்டிய முதல் பழக்கம், சந்தேகத்தைக் கேட்கும் விதம். ஆசிரியர்களுக்கு வரும் செய்திகளில் பாதி இப்படித்தான் இருக்கும்: “சார், செகண்ட் வீக் புரியலை.” இதற்கு எந்த ஆசிரியரும் என்ன பதில் சொல்ல முடியும்? மறுபடி பாருங்கள் என்றுதான் சொல்ல முடியும். அத்தோடு உரையாடல் முடிந்துவிடும்.

அதே சந்தேகம் இப்படி வந்தது என்று வையுங்கள்: “சார், இரண்டாவது வாரம், மூன்றாவது வீடியோ, 11-ஆவது நிமிடம். லாபத்தில் தேய்மானத்தைக் கழித்துவிட்டு, ரொக்க ஓட்டம் போடும்போது அதைத் திரும்பக் கூட்டுகிறார்கள். கழித்ததை ஏன் கூட்ட வேண்டும்? கூட்டாமல் போட்டுப் பார்த்தேன், கடைசியில் வரும் ரொக்கம் வங்கி இருப்போடு ஒத்துப்போகவில்லை. நோட்டின் படம் அனுப்பியிருக்கிறேன்.” இதைப் படிக்கிற ஆசிரியருக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். “இயந்திரத்தின் மதிப்பு குறைந்ததாகக் கணக்கில் எழுதினோம், கல்லாவில் இருந்து ரூபாய் எதுவும் வெளியே போகவில்லை. அதனால்தான் ரொக்கத்தைக் கணக்கிடும்போது திரும்பக் கூட்டுகிறோம்” என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார். எந்த இடம், என்ன புரிந்தது, எங்கே இடிக்கிறது, நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள். இவ்வளவையும் எழுதும்போது, அனுப்பும் முன்பே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடுவதும் உண்டு.

தனியாகச் சேராதீர்கள். இரண்டு பேர், மூன்று பேராகச் சேருங்கள். ஒரே ஊராக இருக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், முக்கால் மணி நேரம் போனில் கூடுங்கள். அன்றைக்கு யாரும் புதிய பாடம் பார்க்க வேண்டாம். ஒருவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அந்த வாரப் பாடத்தைச் சொல்லட்டும். மற்றவர்கள் எங்கே விட்டுப்போனது என்று பார்க்கட்டும். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். வீடியோவை மறுபடி ஓடவிட்டால் புரிந்த மாதிரித்தான் இருக்கும். நிறுத்திவிட்டு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

டேட்டா பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு மணி நேரப் பாடத்தை உயர்ந்த தெளிவில் பார்த்தால் ஒரு ஜிபியை நெருங்கிவிடும். தெளிவை 360p-ல் வைத்தால் சில நூறு எம்பியோடு போகும். பலகை எழுத்து அதிலேயே தெளிவாகத் தெரியும். பேச்சு மட்டும் போதும் என்கிற பாடத்தை நொடிக்கு 64 கிலோபிட் ஒலிக்கோப்பாக வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பிதான். சிக்னல் கிடைக்கிற இடத்தில், கல்லூரியிலோ நூலகத்திலோ வைஃபை இருந்தால் அங்கேயே, அந்த வாரப் பாடங்களைப் பதிவிறக்கிக்கொண்டு வீட்டில் பாருங்கள். மலை ஊர்களில் நேரலையை நம்பிப் படிப்பது சரிவராது. நேரலையைச் சந்தேகம் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரே போன் இருந்து, அண்ணனும் தங்கையும் படித்தால், போன் அண்ணன் கைக்குத்தான் போகிறது. ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு போன்’ என்ற பேச்சு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கல்லூரிக்கு வெளியூர் அனுப்ப யோசிக்கிற வீட்டுப் பெண்ணுக்குத்தான் ஆன்லைன் படிப்பு மற்ற எல்லோரையும்விட அதிகம் தேவை. அவளுக்கென்று தினமும் இரண்டு மணி நேரத்தைக் குறித்து, சுவரில் எழுதி ஒட்டுங்கள். அந்த நேரத்தில் வேறு யாருக்கும் போன் கிடையாது, அவளுக்கு வீட்டு வேலையும் கிடையாது. உங்களுக்குப் பாடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. “இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு” என்று கேட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு

வகுப்பறையில் 45 நிமிடம் நடத்துவதை அப்படியே கேமராவுக்கு முன் நடத்தாதீர்கள். எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் தடவை வீடியோக்கள் பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் பார்த்தது பெரும்பாலும் 6 நிமிடத்துக்கு மேல் போகவில்லை. ஸ்டுடியோவில் எடுத்த பளபளப்பான வீடியோவைவிட, ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து இயல்பாகப் பேசியதும், பேசிக்கொண்டே கையால் எழுதிக் காட்டியதும் மாணவர்களைப் பிடித்துவைத்தன. ஆக, விலை உயர்ந்த கேமராவுக்குச் செலவு செய்ய வேண்டாம். போனை ஒரு ஸ்டாண்டில் தாள் தெரிகிற மாதிரி கீழ்நோக்கி வைத்து, பேனாவால் எழுதிக்கொண்டே பேசுங்கள். ஒரு வீடியோவுக்கு ஒரு கருத்து போதும். மிச்சப்படும் நேரத்தை நோட்டுத் திருத்த வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் திருத்துவது? ஒரு உதாரணம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து அனுப்புகிறான். மூன்றாவது வரியில் (அ + ஆ)² = அ² + ஆ² என்று எழுதியிருக்கிறான். எல்லா ஊரிலும் எல்லா ஆண்டும் வரும் தப்பு இது. சூத்திரத்தை எழுதி அனுப்பினால், பார்த்து எழுதிக்கொள்வான். அடுத்த வாரம் மறுபடி இதே தப்பு வரும். படத்திலேயே அந்த வரியைச் சிவப்பில் வட்டமிட்டு, முப்பது நொடிக் குரல்பதிவு அனுப்புங்கள்: “தம்பி, ரெண்டாவது வரி வரைக்கும் ரொம்பச் சரி. மூணாவது வரியில அ-வுக்கு 3, ஆ-வுக்கு 4 போட்டு ரெண்டு பக்கமும் தனித்தனியா கணக்குப் போடு. என்ன வருதுன்னு எனக்குச் சொல்லு.” அவன் போடுவான். ஒரு பக்கம் 49 வரும், மறுபக்கம் 25 வரும். “சார், 24 குறையுது சார்” என்று பதில் வரும். அந்த 24 எங்கே இருக்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். ஒரு சதுரத்தை வரைந்து அவனே கண்டுபிடித்துவிடுவான். எங்கோ இருக்கிற பையனோடு ஒரு ஆசிரியர் இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடிய வேலை இது. அதிவேக இணையமும் தேவையில்லை.

இந்த வேலையை 200 பேருக்குச் செய்ய முடியாது. இல்லம் தேடிக் கல்வியில் ஒரு தன்னார்வலருக்கு 20 பிள்ளைகள் என்று வைத்தது சரியான கணக்கு. ஆன்லைனிலும் திருத்தும் ஆசிரியருக்கு 20, 25-க்கு மேல் போகாமல் பாருங்கள். பாடம் நடத்துகிறவர் ஒருவராகவும் திருத்துகிறவர்கள் பலராகவும் இருக்கலாம். நிர்வாகங்கள் ஒரு ஆன்லைன் ஆசிரியரிடம் 300 பேரை ஒப்படைத்துவிட்டு முடிவு வரவில்லை என்று குறைபட்டுக்கொள்வதில் நியாயமே இல்லை.

நேரலையில் கேள்வி கேட்டால் பத்து நொடி பேசாமல் காத்திருங்கள். உங்கள் குரல் போய்ச் சேர்ந்து, அந்தப் பக்கம் யோசித்து, மைக்கை இயக்கவோ டைப் செய்யவோ அவ்வளவு நேரம் ஆகும். மூன்றாவது நொடியில் நீங்களே பதில் சொல்லிவிட்டால், பதில் சொல்ல வேண்டியதில்லை என்று வகுப்பு கற்றுக்கொண்டுவிடும். கேமராவை அணைத்து வைத்திருக்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் இருந்து அவன் வந்திருக்கலாம். இரண்டு வகுப்புக்குத் தொடர்ந்து வராதவனுக்கு மறுநாளே போன் செய்யுங்கள். மூன்றாவது வாரம் கேட்டால், அவன் மனதளவில் படிப்பை விட்டிருப்பான்.

கையால் செய்து பழக வேண்டியதைத் திரை கற்றுத்தராது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) கணினிப் பாவனையாக்கங்கள் தமிழிலும் இருக்கின்றன. மின்சுற்றையும் ஊசலையும் மனதில் பதியவைக்க அவை அருமையானவை. ஆனால் பல்பைப் பியூஸாக்கிக் கற்றுக்கொள்வதற்கு நிஜமான ஒயரும் பேட்டரியும் வேண்டும். சென்னை ஐஐடியே தன் ஆன்லைன் மின்னணுவியல் பட்டத்தில் ஆய்வகப் பாடத்துக்கு மாணவர்களை வளாகத்துக்கு வரவழைக்கிறது. செய்முறை உள்ள படிப்பில், ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் கூடும் நாட்கள் இருக்கின்றனவா என்று பார்த்துச் சேரச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஊரை விட்டு வந்து நகரத்திலும் வெளிநாட்டிலும் வேலையில் இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் படித்த அரசுப் பள்ளிக்கு மேசை, நாற்காலி, ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுக்கிறீர்கள். நல்ல காரியம். அதோடு, தலைமை ஆசிரியருக்குப் போன் செய்து, பிளஸ் டூ படிப்பவர்களில் கணக்கிலோ ஆங்கிலத்திலோ திணறுகிற இரண்டு பிள்ளைகளை உங்களோடு இணைத்துவிடச் சொல்லுங்கள். பள்ளிக்கும் பெற்றோருக்கும் தெரிந்தே, பள்ளி நடத்தும் குழுவிலேயே இது நடக்கட்டும். நீங்கள் பாடம் நடத்த வேண்டாம். பாடம் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, அவர்கள் அனுப்பும் நோட்டுப் பக்கங்களைத் திருத்தி அனுப்புங்கள். இந்த வாரமே தொடங்குங்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு வரப்போகிறது.